கருப்புக் கத்தி உபகுழு

வியாழக்கிழமை வந்துவிட்டால் என் மதுக்கடையின் பின்னறை எனக்குச் சொந்தமில்லை. அன்றைக்கு அது மடக்குச் சவரக்கத்தி அன்பர்கள் சங்கம், பதிவு பெற்றது, என்பதன் தலைமையகம். 'பதிவு பெற்றது' என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தலைவர் ஹாமாகரின் முகம் சுண்டிப்போகும். ஒருமுறை கதவில் ஒட்டிய சீட்டில் அந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டேன். எனக்கு முறையான கண்டனம் வந்தது, அதுவும் தபாலில். அவர் குடியிருப்பது எனக்கு எதிர்வீட்டில்.

ஜெர்மனியிலேயே கத்திக்குப் பேர்போன எங்கள் சோலிங்கனில் கத்தியைப் பற்றிப் பேசாத சங்கமே கிடையாது. பாட்டுச் சங்கம்கூட இடைவேளையில் கத்தியைத்தான் பேசும். ஆனாலும் இவர்கள் பேசுகிற பேச்சு தனி ரகம். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் தாடிக்காரர்கள். தலைவருக்குத் தாடி கிடையாது; அவர் மின்சார எந்திரத்தில் சவரம் செய்கிறவர். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் குளியலறை ஜன்னல் திறந்திருந்தால் அந்த உறுமல் என் அடுப்படிவரை கேட்கும்.

கூட்டம் தொடங்கும்போது தலைவர் மணி அடிப்பார். செயலாளர் ஏகோன் எழுந்து நின்று, போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை வாசிப்பான். என்னோடு பள்ளியில் படித்தவன் அவன். அப்போதே அவன் வாசித்தால் வாத்தியாருக்குத் தூக்கம் வரும். ஒரு விஷயம் முடிவாகாமல் இருந்தால், அதன் முழு விவரத்தையும் வாராவாரம் வாசித்தாக வேண்டும் என்பது விதி. முடிவாகிவிட்டால் அதைப் பற்றி மறுபடி யாரும் மூச்சு விடக் கூடாது என்பதும் விதி. உறுப்பினர்கள் தங்களுக்குள் 'நீ' என்றுதான் பேச வேண்டும், வெளியாளை 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். அதற்கும் ஒரு விதி எண் இருக்கிறது.

நவம்பரில், ஊரே மழையில் ஊறிக் கிடந்த ஒரு வியாழனன்று வில்ஃப்ரீட் டில்மன்ஸ் உள்ளே வந்தார். ஓய்வு பெற்ற மின்கம்பிப் பேருந்து ஓட்டுநர். ஊரில் பாதிப் பேரை அவர்தான் வேலைக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். ஆனால் யாருக்கும் அவர் குரல் தெரியாது. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்த மனுஷன். வீட்டில் பேச ஒருத்தி இருந்தாள். அந்த வருஷ வசந்தத்தில் அவளும் போய்விட்டாள்.

ஈரத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மேலங்கிப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு சவரக்கத்தி. விளிம்பை விட்டால் அலகு முழுக்கக் கருப்பு. பூச்சுப் போட்டது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்," என்றார். "இந்த மாதிரிப் பூச்சுப் போட்ட கத்தி வாங்கத் தகுந்ததா? என் மனைவி வாங்கினா. உடம்பு முடியாம இருக்கும்போது, தனியா பஸ் பிடிச்சுப் போயி, என் பிறந்தநாளைக்குன்னு. அடக்கம் முடிஞ்சு காபி குடிக்கும்போது அவ தங்கச்சி சொல்றா, கடைக்காரன் கருப்புச் சாயத்தைக் காட்டி நல்லா ஏமாத்தியிருக்கான்னு. அவ ஏமாந்துட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

லோட்டார் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பள்ளியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் நிஜமாகவே கத்தியால் சவரம் செய்கிற ஒரே ஆள். இதனாலேயே மற்றவர்களுக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம்.

"இதுல பெரிசா ஒண்ணும் இல்லீங்க," என்றார். "சாணைக்கல்லுல வச்சா கத்தியோட முதுகும் வாயும் ரெண்டும் கல்லுல படும். அங்கல்லாம் பூச்சு போயிடும். உங்க முகத்துல படறது வெறும் எஃகுதான், மத்த கத்தி மாதிரியே. பூச்சு எதுக்குன்னா, துருப் பிடிக்காம இருக்க. ஈரத்தைத் துடைக்காம மறந்து வச்சிட்டுப் போற ஆளுக்கு நல்லது. சவரத்துக்கு இதனால கூடவும் இல்ல, குறைவும் இல்ல."

டில்மன்ஸ் நிமிர்ந்தார். "துடைக்காம வச்சிட்டுப் போற ஆளுதான் நான். அவ அதுக்குத் திட்டாத நாளே..."

தலைவர் மணி அடித்தார்.

"லோட்டார், இது உன்னோட அபிப்பிராயம். சங்கத்துக்கு இன்னும் அபிப்பிராயம் வரல." பிறகு டில்மன்ஸ் பக்கம் திரும்பினார். ஹாமாகர் பல் டாக்டராக இருந்தவர். யாரைப் பார்த்தாலும் வாயைத் திறக்கச் சொல்லப்போகிற மாதிரி குனிந்து பார்ப்பார். "சார், ஒருத்தங்க ஏமாந்தாங்களா இல்லையாங்கறது விளையாட்டு விஷயம் இல்ல. தெருவுல போற நாலு பேர் சொல்லிடலாம். நாளைக்கு உங்க மச்சினிகிட்ட எதைக் காட்டுவீங்க? லோட்டார் சொன்னாருன்னா? நாங்க முத்திரையோட தருவோம்."

முத்திரை என்றதும் டில்மன்ஸ் உட்கார்ந்துவிட்டார். பாவம், மச்சினி முத்திரைக்குத்தான் மசிவாள் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அன்றைக்கே உபகுழு அமைந்தது. பெயர்: பூசப்பட்ட அலகுகளின் வாங்கத்தகுமை ஆய்வு உபகுழு. சங்கத்தில் இருந்த எல்லாரும் அதில் உறுப்பினர்கள். உபகுழு சங்கத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்பதால், தலைவர் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கையைப் பெற்றுக்கொள்வது என்று முடிவானது. டில்மன்ஸுக்குச் 'சம்பந்தப்பட்டவர்' என்று பட்டம். சம்பந்தப்பட்டவருக்கு ஓட்டு உண்டு, முடிவு ஏகமனதாக இருக்க வேண்டும். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. முன்னொரு காலத்தில் ஓர் உறுப்பினர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் அவரை நீக்கிவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். அதிலிருந்து, யாரைப் பற்றிய விஷயமானாலும் அவர் கையும் தூக்கினால்தான் அது நிறைவேறும்.

கத்தி ஆய்வுப் பொருளாகிவிட்டதால் அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். எங்கே வைப்பது? என் ரொட்டி அலமாரியில். பூட்டி, மெழுகு ஊற்றி, முத்திரை குத்தினார்கள். ரொட்டி என்ன செய்வது என்று கேட்டேன். அது உபகுழுவின் வரம்புக்குள் வராது என்றார் தலைவர். குளிர்காலம் முழுக்க என் ரொட்டி பியானோமேல் கிடந்தது.

"அப்ப நான் எதுல சவரம் பண்றது?" என்று கேட்டார் டில்மன்ஸ். மனைவி போனதிலிருந்து தினமும் காலையில் அவர் கையில் எடுக்கிற முதல் பொருள் அந்தக் கத்திதான். அதை எடுக்காவிட்டால் காலை எப்படித் தொடங்கும் என்றே தெரியவில்லை என்றார். எழுத்தில் கொடுங்கள், பரிசீலிக்கலாம் என்றார்கள். அவர் பெட்டிக்கடையில் பிளாஸ்டிக் சவரக்கத்தி வாங்கிக்கொண்டார்.

டிசம்பரில் ஒப்பீட்டுச் சவரம் நடந்தது. ஒரு கன்னத்தில் கருப்புக் கத்தி, மறு கன்னத்தில் சாதாக் கத்தி. இதற்குச் சார்பில்லாத கன்னம் தேவைப்பட்டது. உறுப்பினர்களின் கன்னங்களுக்கு ஏற்கெனவே கொள்கை இருக்கிறது, அதுவும் தாடிக்கு அடியில். ஆகவே டில்மன்ஸின் கன்னம். ஒரு வாரம் சவரம் செய்யாமல் வரச் சொல்லியிருந்தார்கள். நரைத்த முள்ளோடு வந்து, கழுத்தில் என் மேசைவிரிப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் வெந்நீர் கொண்டுவந்தேன். மற்றவர்கள் வெங்காயம் தூவிய பன்றிக்கறி ரொட்டியைக் கடித்தபடி பார்வையாளர்களானார்கள்.

தலைவர் கேள்வி கேட்டார். "சார், தூங்கும்போது எந்தப் பக்கமாப் படுப்பீங்க? கன்னம் அழுந்தியிருந்தா முடி வளையும்."

"வலது பக்கமா."

"எப்பவுமா?"

"ஆமா. அவ அந்தப் பக்கம் படுப்பா. இப்பவும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் படுக்கறேன்."

தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "அப்ப வலது கன்னம் பாதிக்கப்பட்ட கன்னம். குறிச்சுக்க, ஏகோன்."

ஏகோன் குறித்துக்கொண்டான்.

லோட்டார் நுரையைத் தடவி, கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, கத்தியை வைத்தார். "தலையை நிமித்து," என்றார், பழக்கதோஷத்தில்.

டில்மன்ஸின் கண்கள் திறந்தன. வசந்தத்துக்குப் பிறகு ஒருவர் அவரைத் தொட்டுப் பேசியது அன்றைக்குத்தான். 'நீ' என்ற முறையில் பேசியதும் அன்றைக்குத்தான். அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, முகத்திலேயே எழுதியிருந்தது.

மணி அடித்தது. "நிமித்துங்க," என்று திருத்தினார் தலைவர்.

"நிமித்துங்க," என்றார் லோட்டார்.

டில்மன்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு கன்னமும் முடிந்தது. தலைவர் பல் டாக்டர் விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். உறுப்பினர்கள் வரிசையாக வந்து புறங்கையால் தடவிப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரிகிறதா என்று சம்பந்தப்பட்டவரைக் கேட்டார்கள். தெரியவில்லை என்றார். தெரியவில்லை என்பது விடையா, விடை இல்லாமையா என்று அன்றைய மிச்சக் கூட்டம் விவாதித்தது. பிறகு, ஒரே ஆளின் இரண்டு கன்னங்களும் வேறு வேறு கன்னங்கள் என்பதால், கத்திகளை மாற்றி இன்னொரு முறை. அதன்பின் குளிர் அதிகமான ஒரு நாளில் இன்னொரு முறை. டில்மன்ஸ் ஒவ்வொரு தடவையும் வந்தார். வராமல் இருக்க அவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

ஜனவரியில் தங்கப் பிரச்சினை கிளம்பியது. கிளப்பியவர் டில்மன்ஸ்தான், அவர் அறியாமலே. சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் தலைவரின் கத்தி இருக்கிறது. அலகில் தங்கமுலாம், அதில் ஓடும் மான், மானுக்கு மேலே தலைவரின் பெயர். டில்மன்ஸ் அதைப் பார்த்தபடி, "இதுவும் பூச்சுதானே?" என்று கேட்டுவிட்டார்.

தலைவர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"சார், தங்கம் பூச்சு இல்ல. தங்கம் மரியாதை. கருப்புங்கறது மறைக்கறதுக்குப் போடறது. தங்கம் காட்டறதுக்குப் போடறது. நம்ம சங்கம் நிக்கறதே எதுல? பயன்பாட்டுல. கத்தின்னா சவரம், சவரம்னா கத்தி. அலங்காரத்துக்கு இங்க இடமே கிடையாது. என் கத்தியைப் பாருங்க. வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஒரு கீறல் உண்டா?"

"சவரம் பண்ணினா கீறாதா?"

"அதாலயா சவரம்? அதால நான் சவரம் பண்ணினதே இல்ல. பண்ணினா தங்கம் போயிடாதா?"

எல்லாரும் கைதட்டினார்கள். தங்கம் பூச்சு இல்லை என்பது தீர்மானமாக நிறைவேறியது. அது யாரையும் பற்றிய விஷயம் இல்லையாதலால் டில்மன்ஸின் கை தேவைப்படவில்லை.

பிப்ரவரியில் வரைவுத் தீர்ப்பு வந்தது. ஏகோன் எழுந்து வாசித்தான்: பூசப்பட்ட அலகு சவரத்துக்கு எந்த மேன்மையும் தருவதில்லை. ஆகவே அது வாங்கத் தகுந்ததல்ல. வாங்கியவர், தோற்றத்தைக் கண்டு, அறியாமையால் வாங்கினார்.

வாசித்தவன் நிறுத்தினான். "தலைவா, வாங்கியவர்னு போட்டிருக்கு, பேரு போடல. பேரு இல்லாம முத்திரை குத்த முடியாது." டில்மன்ஸைப் பார்த்தான். "உங்க மனைவி பேரு என்ன சார்?"

அத்தனை வாரத்தில் அதை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டார்கள், தோலின் தன்மை கேட்டார்கள், குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு அளவு கேட்டார்கள்.

"ரோஸ்விதா," என்றார்.

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற மாதிரி. ஏகோன் எழுதிக்கொண்டு, திருத்திய வாக்கியத்தை விதிப்படி மறுபடி உரக்க வாசித்தான். "வாங்கியவர்: ரோஸ்விதா டில்மன்ஸ்."

ஏகோனின் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஆனாலும் டில்மன்ஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரை இன்னொரு வாய் சொல்லி அவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்றோ. தனியாக இருக்கிற வீட்டில் நாமாகச் சொல்லிக்கொள்வது வேறு, அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க ஒருவன் எழுந்து நின்று சொல்வது வேறு. என் கையில் இருந்த பீர்க் கோப்பைகளைக் கீழே வைக்க மறந்து நின்றேன்.

தலைவர் தழைந்த குரலில் பேசினார். "சார், சம்பந்தப்பட்டவர் கை தூக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சுது. விஷயம் முடிஞ்ச ஆளை உறுப்பினரா சேர்த்துக்க விதி இடம் குடுக்குது. அடுத்த நிமிஷத்துலேருந்து நீங்க எங்களுக்கு வில்ஃப்ரீட். நாங்க எல்லாரும் 'வாடா, உக்காருடா'ன்னுதான் பேசுவோம். யோசிச்சுப் பாருங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. லோட்டார் கை மட்டும் தோள்வரைக்கும்தான். டில்மன்ஸ் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த 'வாடா' அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் என் கடையில் ஒரு பீரை வைத்துக்கொண்டு, அது நுரை அடங்கிச் சப்பென்று ஆகிறவரை உட்கார்ந்திருக்கிற ஆள் அவர்.

"அறியாமையா?" என்றார். "அவளுக்கு எல்லாம் தெரியும். நான் எதிர்க்கறேன்."

விஷயம் அடுத்த வியாழனுக்குப் போனது.

அடுத்த வியாழன் அவர் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முடிவாகாத விஷயமாதலால் ஏகோன் முழுவதையும் வாசித்தான். 'வாங்கியவர்: ரோஸ்விதா டில்மன்ஸ்' என்ற இடம் வந்ததும் டில்மன்ஸ் லேசாகத் தலை குனிந்தார். அதற்கப்புறம் வந்த அறியாமை, தோற்றம் எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஓட்டு எடுத்தார்கள். எதிர்த்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார், குனிந்தார், எதிர்த்தார். திருவிழா ஊர்வலம் போன வாரம்கூட, வெளியே மேளம் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஏகோன் அதையே வாசித்தான்.

சங்கம் திணறியது. கோடைச் சுற்றுலா நிகழ்ச்சிநிரலில் ஏற முடியவில்லை. வூப்பர் நதிக்கரையில் படகு பேசியிருந்தார்கள். படகுக்காரன் தினமும் எனக்குப் போன் செய்தான். ரொட்டி அலமாரி முத்திரையில் எலி வாய் வைத்துவிட்டது என்று ஒரு வாரம் முழுக்க எலியைப் பற்றியே போனது.

ஏப்ரலில் தலைவர் இறங்கிவந்தார். அன்றைக்கு நான்கூட வாசலில் நின்று கேட்டேன். புது வரைவு, சிவப்பு மெழுகு முத்திரை, மச்சினிக்குத் தனிப் பிரதி. ஏகோன் வாசித்தான்: பூசப்பட்ட அலகு, துடைக்க மறப்பவர்களைப் பொறுத்தவரை, வாங்கத் தகுந்ததே. வாங்கியவர்: ரோஸ்விதா டில்மன்ஸ். அவர் தம் கணவரை நன்கு அறிந்தே வாங்கினார்.

கடைசி வரியை எழுதியது லோட்டாராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. கடைக் கணக்கில் ஒரு சுற்றுச் சாராயம் ஊற்றித் தட்டோடு தயாராக நின்றேன். தலைவர் மணியைக்கூட அடிக்காமல் கை தூக்கினார். எல்லாரும் தூக்கினார்கள், இந்தத் தடவை லோட்டாரின் கையும் முழுசாக. டில்மன்ஸின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு தாளை மேசைமேல் வைத்து, மெல்லத் தலைவர் பக்கம் நகர்த்தினார்.

"எதிர்க்கறேன்," என்றார்.

சாராயத் தட்டு என் கையிலேயே இருந்தது.

"சார்," என்றார் தலைவர், "நீங்க கேட்டதைத்தானே குடுக்கறோம்?"

"ஆமா. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

"இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"ஒரு தப்பும் இல்ல."

"அப்ப என்னதான் சார் வேணும் உங்களுக்கு?"

டில்மன்ஸ் மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். "இதுக்கு நான் கை தூக்கிட்டா, விஷயம் முடிஞ்சுடும் இல்லையா?"

"முடிஞ்சுடும்."

"முடிஞ்சா, அடுத்த வாரம் இதை வாசிக்க மாட்டீங்க."

"முடிஞ்ச விஷயத்தை வாசிக்கக் கூடாது. விதி."

"அதான்," என்றார் டில்மன்ஸ்.

தாடிக்காரர்கள் தங்கள் தாடியைப் பார்த்தார்கள். தலைவரின் கை மணிப்பக்கம் போய், அடிக்காமலே திரும்பி வந்தது. கடைசியில், "ஒத்திவைக்கப்படுகிறது," என்றார்.

டில்மன்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவருகே போனவர் நின்று, ஏகோனிடம் திரும்பி வந்தார்.

"ஏகோன் சார், ஒரு சின்ன உதவி. அடுத்த வாரம் வாசிக்கும்போது, அவ பேரு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா வாசிங்க."